“வாழைப்பழம் சொல்லுடா!” – வம்பு பண்ணுகிற பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு பதில்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதம் இது. ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வாசகி பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறார். ஓ.டி. இருக்கும் நாட்களில் வீடு வந்துசேர இரவு ஒன்பது மணி ஆகிவிடும். கணவர் லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வர இருபது நாள். ஒரே மகன், ஒன்பது வயது, தனியார் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு. மாலையில் அப்பத்தாதான் பார்த்துக்கொள்கிறார். இரவு பதினொன்று வரை அப்பத்தாவின் போனில் வீடியோ பார்ப்பான். அப்புறம் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்குவான், “அவங்க அப்பா மாதிரியே.” நோட்டு எதுவும் முழுசாக எழுதியிருக்க மாட்டான்.

போன மாதம் பள்ளியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். அதே வேனில் வரும் மூன்றாம் வகுப்புப் பையனுக்கு நெற்றியில் இரண்டு தையல். இவர் மகன் தள்ளியதில் ஜன்னல் கம்பியில் இடித்துக்கொண்டிருக்கிறான். விசாரித்தால் கதை நீளமாக இருந்திருக்கிறது. அடிபட்ட பையனின் குடும்பம் ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தது. தினமும் வேனில் ஏறியதும் “வாழைப்பழம் சொல்லுடா” என்பார்களாம். அவன் “வாலப்பலம்” என்றதும் பின்சீட்டே சிரிக்கும். தப்பாகச் சொன்னதற்கு ‘ஃபைன்’ என்று அவனுடைய ஸ்நாக்ஸ் டப்பா இவர் மகனிடம் போய்விடும். உட்கார சீட் கிடையாது, பைகளைக் குவித்து வைத்திருக்கும் மூலையில்தான் உட்கார வேண்டும். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. “வடக்கா” தான். பள்ளி திறந்த ஜூன் மாதத்திலிருந்தே இது நடந்திருக்கிறது. அன்று அவன் டப்பாவைத் தர மாட்டேன் என்றிருக்கிறான், அதற்குத்தான் தள்ளல்.

தலைமை ஆசிரியை டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறார். “போலீஸ் கேஸ் வரைக்கும் போகும்” என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்தார்கள். கணவர் ஊர் திரும்பிய அன்று பெல்ட்டால் அடித்தார். வாசகியின் கேள்விகள்: “சின்னப் பிள்ளைகள் விளையாட்டைப் பெரிசு பண்றாங்களா? நான் வேலைக்குப் போறதால இப்படி ஆயிட்டானா, இல்லை போன்தான் கெடுத்துச்சா? வடக்கன்னு ஊரே சொல்லுது, அவன் சொன்னது மட்டும் குத்தமா? போலீஸ் பிடிச்சிட்டுப் போகுமா? பேசாம ஹாஸ்டல்ல சேர்த்துடலாமா?”

கடிதத்தின் நடுவில், வேறு எதையோ சொல்லிக்கொண்டு வரும்போது, ஒரு வரி எழுதியிருக்கிறார். இரண்டாம் வகுப்பில் இவனையே “பீப்பா” என்று கூப்பிட்டு அழவைப்பார்களாம். ஒரு மாதம் போல காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போகாமல் இருந்தானாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

“என் பிள்ளையை அடிக்கிறாங்க” என்று என்னிடம் வரும் பெற்றோர் நிறைய. “என் பிள்ளை அடிக்கிறான்” என்று வருபவர்கள் ரொம்பக் குறைவு. அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். தேதி, இடம், யார் என்ன சொன்னார்கள் என்பது வரை இருப்பதால் எனக்கும் பதில் சொல்ல வசதியாக இருக்கிறது. சில இடங்களில் உங்களுக்குப் பிடிக்காததையும் சொல்ல வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டுதானா இது?

இல்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் சீண்டுவதும், சண்டை போட்டு ‘டூ’ விட்டு மறுநாள் ‘பழம்’ விடுவதும் வளர்வதில் ஒரு பகுதி. அதற்கெல்லாம் பெற்றோர் ஓடிப்போய் நிற்க வேண்டாம். ‘புல்லியிங்’ என்று பள்ளிகள் சொல்வது வேறு. நார்வேயில் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த டான் ஒல்வேயஸ் என்ற உளவியலாளர் மூன்று அடையாளம் சொன்னார். இன்றும் உலகம் முழுக்க அதைத்தான் வைத்துப் பார்க்கிறார்கள். வேண்டுமென்றே நோகடிப்பது, அதைத் திரும்பத் திரும்பச் செய்வது, எதிராளி திருப்பி நிற்க முடியாத இடத்தில் இருப்பது.

உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன. இவன் நான்காம் வகுப்பு, அவன் மூன்றாம் வகுப்பு. இவனுக்குப் பின்னால் ஒரு சீட் நிறையப் பிள்ளைகள், அவன் தனி. இவனுக்குத் தாய்மொழி, அவன் இப்போதுதான் அதைக் கற்றுக்கொள்கிறான். விளையாட்டு என்றால் ஆள் மாறும். இன்று நீ அவுட், நாளைக்கு நான் அவுட். இந்த வாழைப்பழ ஆட்டத்தில் ஜூனிலிருந்து ஒரே பையன்தான் அவுட் ஆகிக்கொண்டிருக்கிறான். (சொல்லப்போனால் நம்மிலேயே பலர் ‘வாளப்பளம்’ என்றுதான் சொல்கிறோம். உங்கள் மகன் எப்படிச் சொல்கிறான் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்.)

தையல் போட்ட அன்று மட்டும்தான் தப்பு நடந்தது என்று நினைக்காதீர்கள். பள்ளியும் அப்படித்தான் நினைக்கிறது. ரத்தம் வந்ததும் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். ஆனால் அந்தச் சின்னப் பையன் ஒவ்வொரு நாள் காலையும் வேன் ஹாரன் கேட்டதும் ‘ழ’வை வாய்க்குள் உருட்டிப் பார்த்துக்கொண்டு ஏறியிருப்பான். தையல் அதைவிடச் சின்ன விஷயம்.

ஏன் இப்படி ஆனான்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கேட்கும்போதே மனசுக்குள் ஒரு பதிலும் இருக்கும்: அம்மா வேலைக்குப் போவது, போன், அப்பா ஊரில் இல்லாதது, கெட்ட சேர்க்கை. ஒரே ஒரு வேரைப் பிடுங்கிவிட்டால் செடி காய்ந்துவிடும் என்ற நம்பிக்கை. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் அப்படி ஒற்றைக் காரணத்தை நான் பார்த்ததில்லை. நான்கைந்து விஷயங்கள் ஒன்றுமேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வரும். ஒவ்வொன்றும் சின்னதாகத்தான் இருக்கும்.

நீங்கள் வேலைக்குப் போவதை முதலில் எடுத்துக்கொள்வோம், அதுதான் உங்களை அரித்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரெடரிக் சிம்மர்மேனும் அவருடன் சேர்ந்தவர்களும் 2005இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நான்கு வயதில் பிள்ளையின் வீடு எப்படி இருந்தது, அதே பிள்ளை ஆறு முதல் பதினோரு வயதுக்குள் மற்றவர்களை வம்புக்கு இழுக்கிறதா என்று சேர்த்துப் பார்த்தார்கள். டி.வி. பார்க்கும் நேரம் கூடக்கூட வம்பு கூடியது. கதை படித்துக் காட்டுவது, வெளியே கூட்டிப்போவது, கூட உட்கார்ந்து சாப்பிடுவது, பேச்சுக் கொடுப்பது இருந்த வீடுகளில் குறைந்தது. இது சேர்ந்து வருவதைக் காட்டும் ஆய்வு, டி.வி.தான் பிள்ளையைக் கெடுத்தது என்று நிரூபிப்பது இல்லை. ஆனாலும் அதில் உங்களுக்கு ஒரு சேதி இருக்கிறது. அவர்கள் அளந்த ஆதரவெல்லாம் சேர்ந்து சாப்பிடுவது, பேசுவது மாதிரியான விஷயங்கள். வேலைக்குப் போகிற அம்மாவாலும் இது முடியும். ஓ.டி. இல்லாத நாளில் ஒரு வேளைச் சாப்பாடு, போன் இல்லாமல், மூன்று பேரும் ஒரே நேரத்தில். அதற்குமேல் உங்களிடம் நான் கேட்கவில்லை.

போனைப் பொறுத்தவரை, அவன் என்ன பார்க்கிறான் என்பதைவிட எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்பதுதான் எனக்குக் கவலை. பதினொன்றுக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தால் ஏழு மணி நேரம். அந்த வயதுக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாமல் வேண்டும். அப்புறம் அந்தக் குறட்டை. அப்பா மாதிரியே என்று நீங்கள் செல்லமாக எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியில் நின்றுவிட்டேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2011இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், வம்பு பண்ணுகிற, முரட்டுத்தனம் காட்டுகிற பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் மூச்சுச் சிக்கலின் அறிகுறிகளும், குறிப்பாகப் பகல் தூக்கக் கலக்கமும் கூடுதலாக இருந்தன. தினமும் குறட்டை விட்டு, வாயால் மூச்சு விடுகிற பிள்ளைக்கு மூக்கின் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்திருக்கலாம். இரவு முழுக்க அரைத் தூக்கம், பகல் முழுக்க எரிச்சல். ஒரு ஈ.என்.டி. டாக்டரிடம் காட்டுங்கள். வம்பு பண்ணும் பிள்ளையை மூக்கு டாக்டரிடம் அனுப்புகிறாரே என்று உங்கள் மாமியார் சிரிப்பார், பரவாயில்லை.

பெல்ட் விஷயத்துக்கு வருகிறேன். “அடிச்சாத்தான் அடங்குவான்” என்று உங்கள் கணவர் நினைப்பதில் அதிசயமில்லை, அவரும் அப்படித்தான் வளர்ந்திருப்பார். ஆனால் எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ க்ரோகன்-கெய்லரும் ஐம்பது ஆண்டு கால ஆய்வுகளைத் திரட்டி, ஏறக்குறைய 1,60,000 பிள்ளைகளின் தகவலை 2016இல் தொகுத்துப் பார்த்தார்கள். அடி கூடக்கூடப் பிள்ளையின் முரட்டுத்தனமும் அடங்காமையும் கூடுவதாகத்தான் தெரிந்தது. அது கையால் போடும் அடியைப் பற்றிய ஆய்வு. பெல்ட் அதற்கும் மேல். கொஞ்சம் அவன் இடத்திலிருந்து பாருங்கள். பெரியவன், பலமுள்ளவன், சொன்னதைச் செய்யாத சின்னவனை அடிக்கலாம் என்பதுதான் அவன் வேனில் செய்தது. அதைத் தப்பு என்று சொல்ல, அதையே அவன்மேல் செய்து காட்டியிருக்கிறோம்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தப் ‘பீப்பா’ வரிக்கு இப்போது வருகிறேன். ஒரு காலத்தில் அடிவாங்கி, இன்னொரு காலத்தில் அடிக்கிற பிள்ளைகள் தனி ரகம். இரண்டு பக்கமும் இருந்த இவர்களுக்குத்தான் பின்னாளில் மனச் சிக்கல்கள் அதிகம் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இரண்டாம் வகுப்பில் உங்கள் மகன் ஒன்றைக் கற்றுக்கொண்டான்: சிரிப்பு ஒருவன்மேல் விழுந்தே தீரும், அது என்மேல் விழாமல் இருக்க வேண்டுமென்றால் வேறொருவனைக் காட்டிவிட வேண்டும். யார் இப்போது அவனைப் பீப்பா என்கிறார்கள்? யாரும் இல்லை. அவன் கணக்கில் அந்த வித்தை பலித்திருக்கிறது. அந்த ஒரு மாதம் வயிற்றுவலிக்கு மருந்து கிடைத்தது, அவமானத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்று ஊகிக்கிறேன். தவறென்றால் மன்னியுங்கள்.

“வடக்கன்னு ஊரே சொல்லுது” என்கிறீர்கள். ஆமாம், சொல்கிறது. அதனால்தான் அது கூர்மையான ஆயுதமாக இருக்கிறது. பீப்பா என்றால் உடம்பைப் பற்றியது, ஓரிரு பேருக்கு மேல் ஒட்டாது. ‘வடக்கா’ என்றால் அந்தப் பையனின் அப்பா, அம்மா, பேச்சு, அவர்கள் குடியிருக்கும் லைன் வீடு எல்லாம் சேர்ந்து கேலிக்கு ஆளாகிறது. ஒன்பது வயதுப் பிள்ளை இந்தச் சொல்லைத் தானாகக் கண்டுபிடிக்காது. டீக்கடையில், வேனில், வீட்டில் யாரோ அலட்சியமாகச் சொன்ன தொனியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். சாதிப் பெயரும் இப்படித்தான் பள்ளிக்குள் வருகிறது. 2023இல் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிறு வரை நிறுத்தச் சொல்லி 2024இல் அறிக்கை கொடுத்தது. உங்கள் மகனை நான் அந்த வரிசையில் வைக்கவில்லை. அந்த வழியின் முதல் படி எவ்வளவு சாதாரணமாக இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் கம்பெனியிலும் ஒடியாவும் இந்தியும் பேசுகிறவர்கள் பக்கத்து மேசையில் இருப்பார்கள். அவர்களைப் பற்றி நீங்கள் வீட்டில் எப்படிப் பேசுகிறீர்கள் என்று ஒரு வாரம் உங்களையே கவனித்துப் பாருங்கள்.

கடைசியாக வேன். வீட்டைப் பற்றி இவ்வளவு எழுதினீர்கள், வேனைப் பற்றி நான்கு வரிதான். எனக்கோ இந்தக் கதையின் பாதி வேனுக்குள் இருப்பதாகத் தோன்றுகிறது.

ஒரு தொடக்கப் பள்ளியில் இன்டர்வெல் நேரத்தில் குடிநீர்க் குழாய்ப் பக்கம் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், குனிந்து தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த இன்னொருவனின் பாட்டிலை உதைக்கக் காலைத் தூக்கினான். தூக்கியவன் அப்படியே நின்று, திரும்பிப் பார்த்தான். ஆசிரியர் வருகிறாரா என்று பார்க்கவில்லை. கூட்டாளிகள் இந்தப் பக்கம் பார்க்கிறார்களா என்று பார்த்தான். அவர்கள் வேறு எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலை இறக்கிவிட்டுப் போய்விட்டான். அவ்வளவுதான்.

கனடாவில் டெப்ரா பெப்ளர், வெண்டி கிரெய்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் தொடக்கப் பள்ளி மைதானங்களில் தூரத்தில் கேமராவும் பிள்ளைகள் உடம்பில் மைக்கும் வைத்துப் பதிவு செய்தார்கள். 2001இல் வெளியான அவர்களது கட்டுரையின்படி, வம்பு நடந்த 100 தடவைகளில் 88 தடவை சுற்றிப் பிள்ளைகள் இருந்தார்கள். தடுக்க யாராவது முன்வந்தது 19 தடவைதான். ஆனால் அப்படித் தடுத்தபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில், பத்து விநாடிக்குள் வம்பு நின்றுவிட்டது. “விடுடா, பாவம்” என்று ஒரு குரல் வந்தால் போதும்.

உங்கள் மகனின் பின்சீட்டில் அந்தக் குரல் இல்லை. பெரியவர் என்றால் டிரைவர் ஒருவர்தான், அவர் பார்ப்பது ரோட்டை. இடம் நெருக்கடி, தினம் அதே பிள்ளைகள், காலையும் மாலையும் அதே நேரம். வம்புக்கு இதைவிடத் தோதான மேடை கிடையாது. ‘இவன் குணமே இப்படி’ என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். வகுப்பில் ஆசிரியர் முன்னால் இவன் இப்படிச் செய்கிறானா? தெருவில்? சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளிடம்? வேனில் மட்டும்தான் என்றால், மாற்ற வேண்டியதில் வேனும் உண்டு.

சட்டம்

போலீஸ் பயத்தை இறக்கி வையுங்கள். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 20ஆவது பிரிவுப்படி, ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை செய்வது எதுவும் குற்றமாகாது. 21ஆவது பிரிவு ஏழு முதல் பன்னிரண்டு வரை; செய்வதன் விளைவைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இல்லாத பிள்ளை செய்வதும் குற்றமாகாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இதேதான் இருந்தது. அதையும் தாண்டி ஏதாவது வந்தால் இளைஞர் நீதிக் குழுமம்தான் பார்க்கும், லாக்கப் கிடையாது. ஆனால் இதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். புகார் கொடுக்க அந்தப் பையனின் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு. அவர்கள் அமைதியாக இருந்தால், அது மொழி தெரியாததாலும் வேலை போய்விடுமோ என்ற பயத்தாலும் இருக்கலாம். மன்னித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

டி.சி. மிரட்டல் செல்லாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16: எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. இது தனியார் பள்ளிகளுக்கும் பொருந்தும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி விலக்கு உண்டு. உங்கள் பள்ளி எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். “நாங்களே விரும்பி டி.சி. வாங்குகிறோம்” என்று எழுதிக் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

முட்டி போட வைத்ததும் தப்பு. அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தரும் தண்டனையையும் தடை செய்கிறது. பேச்சு பலிக்கவில்லை என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுக்கலாம், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழைக்கலாம். ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் புகாரில் ஆரம்பிக்க மாட்டேன். இப்போது அந்தப் பள்ளியின் ஒத்துழைப்பு உங்களுக்கு வேண்டும். உங்கள் மகனால் ஒரு பிள்ளைக்கு அடிபட்டிருக்கிறது. முதல் வார்த்தையே உரிமையாக இருந்தால் எதிரில் இருப்பவர் காதை மூடிக்கொள்வார். சட்டத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போங்கள், தேவைப்பட்டால் எடுங்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

மகனிடம் பேசுவதிலிருந்து தொடங்குங்கள். “ஏன்டா செஞ்ச?” என்று கேட்டால் “சும்மா” என்பான். ஒன்பது வயதில் ‘ஏன்’ என்பதற்கு விடை தெரியாது. இப்படிக் கேளுங்கள்: “முதல் தடவை வாழைப்பழம் சொல்லச் சொன்னது யாரு? அப்ப யாரு யாரு சிரிச்சாங்க? அவன் எங்க உட்கார்ந்திருந்தான்? டப்பாவுல என்ன இருந்துச்சு, யாரு யாரு தின்னீங்க?” காட்சியாகச் சொல்லிக்கொண்டே வரும்போது எங்கேயாவது ஓர் இடத்தில் குரல் இறங்கும். அங்கே நிறுத்தி, “உன்னை பீப்பான்னு சொன்னப்ப எப்படி இருந்துச்சு?” என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் நீங்கள் பேசாதீர்கள். உபதேசத்துக்கு வாய் துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

தண்டனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. செய்ததற்கு ஈடு கட்ட வேண்டும், அது அவன் கையிலிருந்து போக வேண்டும். தையலுக்கு ஆன செலவை நீங்கள் கொடுங்கள், அவன் சேர்த்து வைத்த உண்டியல் காசிலிருந்து ஒரு பங்கோடு. இந்தக் கல்வியாண்டு முடியும்வரை பின்சீட் கிடையாது; டிரைவருக்குப் பக்கத்தில் முன்னால் உட்கார வேண்டும். அந்தப் பையனுக்கு நிரந்தர சீட், பையைக் குவிக்கும் மூலை இல்லை. “வாழைப்பழம்” இனிமேல் அந்த வேனில் கிடையாது.

எல்லோர் முன்னாலும் கை குலுக்க வைத்து ‘ஃபிரண்ட்ஸ்’ ஆக்குகிற வழக்கம் பள்ளிகளுக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். அடிபட்ட பிள்ளை பயத்தில் தலையாட்டும். அது இன்னொரு தடவை அவனைப் பணியவைப்பதுதான். முதலில் நீங்கள் அந்த அம்மாவைப் பாருங்கள், பள்ளி மூலமாகக் கேட்டுக்கொண்டு, அவர்கள் சரி என்றால் மட்டும். அவர்களுக்குத் தமிழ் சரியாக வராது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கம்பெனியில் ஒடியா தெரிந்த ஒரு பெண்ணைக் கூட அழைத்துப் போங்கள். மகனின் மன்னிப்பு அப்புறம், அந்தப் பையன் கேட்கத் தயாராக இருக்கும்போது.

பள்ளியில் இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வேனில் டிரைவர் தவிர ஓர் உதவியாளர். 2012இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த பள்ளி வாகன விதிகளிலேயே இது இருக்கிறது, ஆகவே சலுகை கேட்கிறோம் என்று கூச வேண்டாம். யார் எந்த சீட் என்று பட்டியல். பின்சீட்டில் சிரித்த பிள்ளைகளிடமும் ஆசிரியை பேசுவது; திட்டுவதற்கு இல்லை, அடுத்த தடவை “விடுடா” என்று சொல்லப் பழக்குவதற்கு. ஃபின்லாந்தில் துர்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘கிவா’ திட்டம் இந்த வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைத்தான் முக்கியமாகக் குறிவைக்கிறது. நம் பள்ளிகளில் பெரும்பாலும் ஒருவனை முட்டி போட வைத்ததோடு வழக்கு முடிந்துவிடுகிறது, சிரித்தவர்கள் அடுத்த ஆளைத் தேடப் போய்விடுகிறார்கள்.

நோட்டு முடிக்காதது சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறானா, ஓரிடத்தில் உட்கார முடியவில்லையா என்று ஒரு முறை பரிசோதித்துவிடுவது நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் விசாரியுங்கள், காசு கேட்க மாட்டார்கள். படிப்பில் தினம் தோற்கிற பிள்ளை, ஜெயிப்பதற்கு வேறு இடம் தேடும். இவனுக்கு அது பின்சீட்டாக இருந்திருக்கலாம்.

ஹாஸ்டல் வேண்டாம். பெரியவர்கள் கண் படாத நேரமும் இடமும் அங்கே இன்னும் அதிகம். ஒன்று இவன் அங்கும் ஒரு ‘வடக்கா’வைக் கண்டுபிடிப்பான், இல்லை மறுபடி பீப்பா ஆவான். வீட்டை விட்டு அனுப்பியதே தண்டனை என்றும் புரிந்துகொள்வான்.

உங்கள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. அடுத்த தடவை லோடு இறக்கிவிட்டு வரும்போது, அவன் செய்த புகார்களை வாசலிலேயே வரிசையாகச் சொல்லாதீர்கள். இருபது நாளுக்கு ஒரு தடவை வரும் அப்பா நீதிபதியாக மட்டும் வந்தால், பிள்ளை லாரிச் சத்தத்துக்கே பயப்படும். வந்த அன்று இரண்டு பேரும் டயருக்குக் காற்று பார்க்கட்டும், கிளீனர் வேலை ஏதாவது செய்யட்டும். ஒடிசா வழியாக அவர் எத்தனை தடவை போயிருப்பார், அங்கே மொழி தெரியாமல் சாப்பாடு கேட்டுத் திண்டாடிய கதை ஒன்றாவது அவரிடம் இருக்கும். அதை மகனிடம் சொல்லச் சொல்லுங்கள். நான் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

இவ்வளவும் செய்து இரண்டு மாதத்துக்குப் பிறகும் மாறவில்லை என்றாலோ, நாய் பூனையைத் துன்புறுத்துவது, நெருப்போடு விளையாடுவது, “செத்துப்போறேன்” என்பது மாதிரி ஏதாவது தெரிந்தாலோ காத்திருக்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். ராத்திரி நேரத்தில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

அடுத்த கடிதத்தில் எனக்கு வேன் விவரம் வேண்டும். எத்தனை பிள்ளைகள், யார் எங்கே உட்காருகிறார்கள், அந்தச் சின்னப் பையன் எந்த நிறுத்தத்தில் ஏறுகிறான் என்று மகனையே ஒரு தாளில் படமாகப் போடச் சொல்லி, அந்தத் தாளையும் சேர்த்து அனுப்புங்கள். ஒவ்வொரு சீட்டிலும் பெயர் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பையனின் பெயர் இவனுக்குத் தெரிகிறதா என்று எனக்குப் பார்க்க வேண்டும்.